சகினா ஆபாவின் டிரெய்லர்

லெஸ்டர்
பிப்ரவரி 6, 2024

கரீமுல்லாவுக்கு,

ஸலாம். பதில் ஸலாம் சொல்வது உன் கடமை, சொல்லிக்கொள். மற்றபடி இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை.

உன் மச்சான் அஃப்தாப் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கும் தகவல் வந்திருக்கும். நான் சென்னைக்கே திரும்பிவிடலாம் என்றிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்தக் குளிரில் ஒண்டியாக உட்கார்ந்து ஹீட்டரோடு பேசிக்கொண்டிருக்க முடியவில்லை. அடையாறில் ஒரு சின்ன வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே.

விஷயம் ஒரு டிரெய்லர். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற இரண்டு சக்கர வண்டி. பத்து வருஷம் நாங்கள் அதில்தான் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி கொண்டுபோய்ப் பரிமாறினோம். பக்கக் கதவைத் தூக்கினால் உள்ளே அடுப்பு, பெரிய தேக்சாப் பாத்திரம் இறக்கி வைக்க மேடை, தட்டு அடுக்க அலமாரி. எல்லாம் அஃப்தாப் கையால் செய்தது. இங்கே விற்க மனசு வரவில்லை. வீட்டுச் சாமானோடு சேர்த்துக் கப்பலில் போட்டுவிட்டேன். மார்ச் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு வரும். பெசன்ட் நகர் பக்கம் சனி, ஞாயிறு நிறுத்தி வியாபாரம் செய்யலாம் என்று எண்ணம்.

இந்த ஊரில் சின்ன டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. கிடையாது. இழுக்கிற காரின் நம்பரையே அதற்கும் மாட்டிவிடுவோம். நம் ஊரில் அப்படி விடமாட்டார்களாம், தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். துறைமுகத்திலிருந்து எடுக்கவும் ஆர்.டி.ஓ.வில் காட்டவும் வண்டி வேலை தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று சென்னையில் இருக்கிற கப்பல் ஏஜென்ட் சொல்கிறார். எனக்குத் தெரிந்து அப்படி ஒருத்தன் நீதான். வேறு வழி இருந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

ஒரிஜினல் பில், பாஸ்போர்ட் நகல், உனக்கு அதிகாரம் கொடுத்து நான் கையெழுத்திட்ட தாள், மூன்றும் இத்துடன் இருக்கின்றன. ஒரிஜினலை கூரியரில்தான் அனுப்ப வேண்டும் என்பதால் இந்தக் கடிதம். என் போன் நம்பரை எழுதவில்லை. எட்டு வருஷமாக உன் குரலைக் கேட்காமல் இருந்து பழகிவிட்டது.

வண்டி பதிவாகி ஓடினால் ஜூன் மாதம் வருகிறேன். இல்லையென்றால் வரப்போவதில்லை. சாய்மா வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது, மகள் வீடுதானே என்று அதிலேயே கிடந்துவிடுவேன். கையில் ஒரு வேலையில்லாமல் ஊருக்கு வந்து, யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

உருதுவில் எழுத வந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். நம் இரண்டு பேருக்கும் எழுதப் படிக்க வந்தது தமிழ்தான், அதனால் மரியாதையாக இருக்கிறது.

சகினா

---

மயிலாப்பூர்
ஏப்ரல் 14, 2024

அன்புள்ள ஆபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலில் யார் வந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துவிட்டேன். வாயால் சொல்வதைவிட வேலையை முடித்துவிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கையில் ஸ்பேனர் இருந்தால்தான் எனக்குப் பேச்சே வரும்.

வண்டி வந்துவிட்டது ஆபா! நோன்பு பதினெட்டு அன்று துறைமுகத்திலிருந்து எடுத்தேன். தெரிந்தவரிடம் கொக்கி வைத்த ஜீப் ஒன்றை இரவல் வாங்கி, பின்னால் மாட்டி, பீச் ரோட்டில் இழுத்து வந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் வேடிக்கை பார்த்தான். சாந்தோம் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தி, "இன்னா பாய், ஐஸ் வண்டியா? ஒரு கப் குடேன்"னார். "பிரியாணி வண்டி நைனா, லண்டன்லேர்ந்து வருது"ன்னேன். "அப்ப நோம்பு தொறக்க எங்க வர்றது, அட்ரஸ் சொல்லு"ன்னு கேட்டுக்கினே சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் நின்றார். பின்னால் இருந்த பஸ்காரன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினான்.

ஷெட்டுக்கு வந்து பக்கக் கதவைத் தூக்கிப் பார்த்தேன். அஃப்தாப் பாய் வேலையைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கணக்குப் பிள்ளை உத்தியோகம் பார்த்த மனிதர் இப்படி வெல்டிங் வைப்பார் என்று யார் நினைத்தார்கள்? உள்ளே ஓர் ஓரத்தில் ஏலக்காய் வாசனை இன்னும் இருக்கிறது. என் வீட்டுக்காரி ஜமீலுன்னிசாவும் வந்து பார்த்துவிட்டு, வெளியில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அடிப்பக்கம் முழுக்கத் துரு. உங்கள் ஊர் மழையும் உப்பும் தின்றிருக்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிச் சட்டம்தான் மோசம், தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. இந்த லட்சணத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கிட்டேயே வரமாட்டார். பெருநாளுக்கு முந்தைய பத்து நாளும் வேறு வண்டி எதையும் தொடவில்லை. கிரைண்டர் போட்டுத் துருவையெல்லாம் எடுத்து, இரும்பு வெள்ளிபோல் பளபளவென்று வந்த பிறகு பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை பெயின்டும் மருதாணிப் பச்சையில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். முன்பக்கம் கம்பெனிப் பெயரும் நம்பரும் போட்ட தகடு ஒன்று இருந்தது. அதன்மேல் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் கிரைண்டரையே கையில் எடுத்தேன். இருபத்தாறு வருஷத் தொழில், அதுகூடத் தெரியாதா?

இருபத்திரண்டாம் தேதி ஆர்.டி.ஓ.வில் காட்டப்போகிறோம். ஏஜென்ட்டும் கூட வருகிறார்.

அடையாறு வீடு இருக்கட்டும் ஆபா. இங்கே மாடியில் ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜமீலா அதில் புது ஃபேன் மாட்டிவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே மாட்டினாள்.

உங்கள் தம்பி
கரீமுல்லா

---

லெஸ்டர்
ஏப்ரல் 15, 2024

கரீமுல்லாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வண்டியை எடுத்துவிட்டாய் என்று ஏஜென்ட் சொல்லித்தான் தெரியும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். வண்டிக்கு ஆர்.சி. இல்லாததால் அதன் சேசிஸ் நம்பர்தான் எல்லாமாம். துறைமுகத்துக் காகிதத்திலும் பில்லிலும் அந்த நம்பர்தான் இருக்கிறது. வண்டியிலும் அதே நம்பர் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நீ தேடி அலைவாய் என்று எழுதுகிறேன். முன்னால் இருக்கிற தகட்டில் தேடாதே, அதில் இருப்பது எடைக் கணக்கு. நம்பர் கொக்கிச் சட்டத்தின் அடியில், கொக்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி அடித்திருக்கும். துருவில் மங்கியிருந்தாலும் விரலால் தடவினால் தெரியும். மண்ணெண்ணெய் போட்டுத் துணியால் துடை, போதும். வேறு எதையும் தொடாதே. பெயின்ட் கியின்ட் என்று ஆரம்பிக்காதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குப் பொறுத்திருக்கத் தெரியாது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. நம்மைப் பெற்ற அம்மி மவுத்தான அன்று ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி நீ பொறுத்திருந்தால் நான் முகம் பார்த்திருப்பேன். ஏர்போர்ட்டில் இருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் அடக்கிவிட்டோம் என்று போன் செய்தாய். நான் ஏர்போர்ட்டிலிருந்தே வீட்டுக்குத் திரும்பினேன். மூடிய மண்ணைப் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம் வரணும்? அன்றோடு ஊரும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. வந்துவிட்டது. ஜமீலுன்னிசாவுக்கு முட்டி வலி என்று எப்போதோ கேள்விப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறது?

சகினா

---

மயிலாப்பூர்
ஏப்ரல் 24, 2024

ஆபா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே நின்ற வண்டிகளிலேயே நம் வண்டிதான் அழகு. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண், நீரஜா மேடம். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க பாய்"னு பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பில்லை எடுத்துத் தகட்டோடு ஒப்பிட்டார். "இது நம்பர் இல்லையே, எடை. சேசிஸ்ல அடிச்ச நம்பர் எங்க?" என்றார். ஏஜென்ட் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, கொக்கிக்கு அடியில் என்றார். மேடம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் என்னிடம் கொடுத்து, "பிரின்ட் எடுத்துக் குடுங்க" என்றார். நம்பர் அடித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் தாளில் விழும். ஆயிரம் வண்டிக்கு எடுத்திருக்கிறேன். குப்புறப் படுத்துத் தாளை வைத்துத் தேய்த்தேன். தாள் முழுக்கக் கருப்பானதுதான் மிச்சம். ஒரு கோடு, ஒரு புள்ளிகூட விழவில்லை. பெயின்டைச் சுரண்டினேன், பட்டியைச் சுரண்டினேன். அடியில் கண்ணாடி மாதிரி இரும்பு. என் கையால் தேய்த்த இரும்பு.

"இன்னா பாய், நம்பர் கீதா இல்லியா?"னு பக்கத்து லோடு வண்டி டிரைவர் குனிந்து கேட்டார். வெயிலில் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

உங்கள் கடிதம் மறுநாள் வந்தது. துணியால் துடை, போதும் என்று எழுதியிருந்தீர்கள்.

மேடம் ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் செய்த வண்டி என்றால் கம்பெனியில் கடிதம் வாங்கி, மறுபடி நம்பர் அடிக்க உத்தரவு வாங்கலாம். இந்த வண்டியைச் செய்த கம்பெனியில் ஒரு கடிதம் கிடைக்குமா ஆபா? எப்படியாவது கேட்டுப் பாருங்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான்தான். திட்டுங்கள். ஆனால் ஜூன் மாதம் வராமல் இருந்துவிடாதீர்கள்.

கரீமு

---

லெஸ்டர்
மே 4, 2024

கரீமுல்லா,

அந்தக் கம்பெனியை மூடிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது கார்ப்பெட் கடை. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பளபளவென்று வந்தது என்று நீ பெருமையடிக்கிறாய். அஃப்தாப் தொட்ட இடத்தில் எல்லாம் நீ கிரைண்டர் வைத்திருக்கிறாய். யாரைக் கேட்டு? அம்மியை அடக்கவும் என்னைக் கேட்கவில்லை, இதற்கும் கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மி உன்னைத்தான் சொல்வார்கள்.

இதற்கு ஒரே வழிதான். உன் ஷெட்டில் நம்பர் அடிக்கிற பஞ்ச் பெட்டி இருக்குமே? பில்லில் இருக்கிற நம்பரை அதே இடத்தில் அடித்துவிடு. பொய் நம்பர் ஒன்றும் இல்லை, அதே வண்டி, அதே நம்பர். கொஞ்சம் துருப்பிடிக்க வைத்துக் காட்டு. பத்து எண்ணைத் தட்ட உனக்குப் பத்து நிமிஷம் ஆகுமா? யாருக்குத் தெரியப்போகிறது?

அடித்துவிட்டேன் என்று உன்னிடமிருந்து தகவல் வந்தால் டிக்கெட் போடுகிறேன். வராவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம்.

சகினா

---

மயிலாப்பூர்
மே 16, 2024

ஆபாவுக்கு ஸலாம்.

பஞ்ச் பெட்டி இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது.

எதிரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி, "என்ன பாய் யோசிக்கிய? நாலு தட்டு தட்டிட்டு சோலியப் பாருங்க. ஒங்க வண்டிதான, களவாண்ட வண்டியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, நீங்கள் எழுதியதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் என் ஷெட்டுக்கு இருக்கிற பெயரே அது ஒன்றுதான். எத்தனையோ பேர் ராவோடு ராவாகத் திருட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, நம்பரை மாற்றிக் கொடு, கேட்டதைத் தருகிறேன் என்றிருக்கிறார்கள். ஒருவனுக்கும் தட்டியதில்லை. இன்றைக்கு என் அக்காவுக்காகத் தட்டினால் நாளைக்கு வருகிறவனை எந்த வாயால் போ என்பேன்? பிடிபட்டால் தாளில் கையெழுத்திட்ட நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். ஊருக்கு வந்து இறங்கும்போதே உங்களைக் கேஸுக்கு இழுக்கவா?

திங்கட்கிழமை நானே போய் நீரஜா மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கம்பெனியும் இல்லை, நம்பரைத் தேய்த்தது நான்தான், என் அக்காவுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றேன்.

"நீங்களே ஒரு நம்பரை அடிச்சிட்டு வந்துடுவீங்கன்னு நெனச்சேன் பாய். அடிக்கடி அப்படித்தான் வருவாங்க" என்றார்.

"பஞ்ச் எடுத்துட்டேன் மேடம். அப்புறம் வெச்சிட்டேன்."

அவர் நாற்காலியைக் காட்டினார். டீ சொன்னார். "நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க? நம்பர் இல்லாத வண்டிக்கு நான் எப்படி நம்பர் குடுப்பேன்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்து அதிகாரியையும் பார்த்தேன். வந்த வழியே திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் எங்கள் ஆள் முன்னிலையில் அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்கிறார். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நீங்கள் சொல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன்.

அம்மி விஷயத்தில் தப்பு என் மேல்தான் ஆபா. ஒரு ராத்திரி பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் எட்டு வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். ஆபா ஏர்போர்ட்டில் இருந்தார்கள், நான்தான் அவசரப்பட்டு அடக்கிவிட்டேன் என்று. நீங்கள் வந்தால் உங்களை ஒரு வார்த்தை யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பயந்து வராமல் இருக்காதீர்கள்.

கரீமு

---

லெஸ்டர்
மே 28, 2024

கரீமு,

உன் கடிதத்தை நீ வேறு மாதிரி எழுதியிருக்கலாம். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் அன்று ஏர்போர்ட்டில் இல்லை.

அம்மி மவுத் என்று நீ முதலில் போன் செய்தபோது இங்கே காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு முதல் பெரிய ஆர்டர். முந்நூறு பேர் கல்யாணம். ராத்திரி முழுக்கச் சமைத்து, டிரெய்லரில் தேக்சாக்களை ஏற்றி, கொக்கி மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றோம். அஃப்தாப் சொன்னார், "நீ போ. நான் பரிமாறிக்கொள்கிறேன்" என்று. மத்தியானம் ஒரு விமானம் இருந்தது. அதில் ஏறியிருந்தால் மறுநாள் விடிகாலை அங்கே இருந்திருப்பேன். நான் போகவில்லை. அவர் கையில் விட்டால் கெட்டுப்போகும், இந்த ஒரு ஆர்டர் நன்றாகப் போய்விட்டால் ஊர் முழுக்க நம் பெயர்தான் என்று நினைத்தேன். அம்மி எப்படியும் போய்விட்டார்கள், ஐந்தாறு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

நீ இரண்டாவது தடவை போன் செய்தபோது நான் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், டிரெய்லருக்குள் அகப்பையும் கையுமாக நின்றிருந்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாய். ஏர்போர்ட் என்று வாயில் வந்துவிட்டது. பரிமாறி முடித்துத் தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது உன் மூன்றாவது போன் வந்தது, அடக்கிவிட்டோம் என்று.

எல்லாரும் பிரியாணியை ரொம்பவும் புகழ்ந்தார்கள். அந்த ஒரு நாளில்தான் எங்கள் தொழில் தூக்கியது.

அன்றிலிருந்து உன்மேல் கோபமாக இருக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் என்மேல் இருக்க வேண்டியிருக்கும். அஃப்தாப் ஒருவருக்குத்தான் இது தெரியும். அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அவர் போன பிறகு, தெரிந்தவர் யாருமில்லை என்று நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அந்த வண்டியை விற்கவும் முடியவில்லை, வாசலில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அங்கே கொண்டுவந்து அம்மி ஊரில் நாலு பேருக்குச் சோறு போட்டால் ஏதாவது சரியாகும் என்று ஒரு கிறுக்குத்தனம்.

அறுத்துப் போடச் சொல். திருப்பி அனுப்ப வேண்டாம்.

உன்னைப் பொய் நம்பர் அடிக்கச் சொன்னேனே, அதற்கும் வெட்கப்படுகிறேன். இதைப் படித்த பிறகும் நீ வா என்று எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

சகினா

---

மயிலாப்பூர்
ஜூன் 9, 2024

ஆபா,

வெள்ளிக்கிழமை வண்டியை அறுத்தாயிற்று. துறைமுகத்து ஆள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லாமல் நானே கேஸ் கட்டர் பிடித்தேன். அஃப்தாப் பாய் வைத்த வெல்டிங் மட்டும் லேசில் விடவில்லை. மேடையையும் அலமாரியையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், அவை வண்டிக் கணக்கில் வராது, எடுத்துக்கொள் என்றார். ஜமீலா அலமாரியைச் சமையலறையில் வைத்திருக்கிறாள்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து நான் திடுக்கிடவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டாவது போனில் நீங்கள் ஏர்போர்ட் என்று சொன்னபோது உங்களுக்குப் பின்னால் ஒருவர் மைக்கில் மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உருதுவில். தட்டுச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் உங்களிடம் வந்து "இன்னும் கொஞ்சம் சால்னா" என்று கேட்டதுகூடக் கேட்டது. சரி ஆபா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் அவசரப்பட்டு அடக்கவில்லை. அவசரம் என்றால் மன்னிக்கலாம். பள்ளிவாசல் பெரியவர்கள் என்னிடம், "லண்டனில் இருக்கிற மகள் வருகிறாளாமே, காலை பத்து மணி வரை வைத்திருக்கலாம், ஐஸ் பெட்டிக்குச் சொல்கிறோம்" என்று அவர்களாகவே சொன்னார்கள். எல்லாருக்கும் சம்மதம். நான்தான் முடியாது என்றேன். மார்க்கத்தில் மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று அவர்களுக்கே பாடம் எடுத்தேன். மனசில் இருந்தது மார்க்கம் இல்லை. அம்மி இங்கே கிடக்க, அங்கே கல்யாணச் சோறு போடுகிறவளுக்கு முகம் காட்டக் கூடாது என்ற ஆத்திரம். நீங்கள் வந்து சேர்வதற்குள் மண்ணைத் தள்ளிவிட வேண்டும் என்றே செய்தேன். வேண்டுமென்றே செய்தேன் ஆபா.

நான் அந்த போனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கேட்டுவிட்டது ஆபா, முடித்துவிட்டு வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று. சொல்லியிருந்தால் மறுநாள் காலை வந்திருப்பீர்கள். அழுதுவிட்டு, சண்டை போட்டுவிட்டு, அந்த வாரமே சமாதானம் ஆகியிருப்போம். அஃப்தாப் பாயும் நடுவில் இரண்டு தடவையாவது இங்கே வந்து போயிருப்பார். அதையெல்லாம் நான் கெடுத்தேன். ஊரில் எல்லாரிடமும் பழியை என்மேல் போட்டுக்கொண்டதும் பெருந்தன்மை இல்லை. நிஜமாகவே என் பழிதான், அவர்களுக்கு எது என்று தெரியாது, அவ்வளவுதான்.

வாருங்கள் என்று எழுதச் சொன்னீர்கள். எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வாருங்கள்.

கரீமு

---

லெஸ்டர்
ஜூலை 2, 2024

கரீமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. பக்ரீத் அன்று சாய்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் மாடியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. காலை பத்து மணி வரை வைத்திருக்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள் என்பதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நீயும் எனக்கு மன்னித்தேன் என்று எழுதவில்லை, அதையும் கவனித்தேன். பரவாயில்லை. இரண்டு பேருக்கும் வராததை எழுதி என்ன ஆகப்போகிறது?

ஜூலை 19 வெள்ளிக்கிழமை விடிகாலை வந்து இறங்குகிறேன். இப்போது வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. சும்மாதான் வருகிறேன். அடையாறு வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் தள்ளிச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஜமீலா ஃபேன் மாட்டிய அறையில் இருக்கிறேன். அதற்கப்புறம் யாருக்கு யாரைப் பொறுக்க முடிகிறது என்று பார்ப்போம்.

ஏர்போர்ட்டிலிருந்து நேராக வீட்டுக்கு அழைத்துப் போகாதே. முதலில் கபர்ஸ்தானுக்குப் போகணும். அம்மியை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்றே எனக்குத் தெரியாது. எட்டு வருஷமாக ஃபாத்திஹா ஓதுகிறேன், மனசில் ஓர் இடம் இல்லாமல்தான் ஓதுகிறேன்.

பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று அங்கே யாராவது சொன்னால் அவர்களோடு வம்புக்கு நிற்காதே. நான் கேட்டுக்கு வெளியே இருந்துகொள்கிறேன். நீ மட்டும் உள்ளே போய் அம்மி பக்கத்தில் நில். நீ நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆபா